"வேலைக்காரரே" என்று அழைக்கப்பட்டது யார்?

எங்க சபையில ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் பெரியவங்களுக்கு ஒரு வேதபாட வகுப்பு உண்டு. பாரிஷ் ஹால்ல பிளாஸ்டிக் நாற்காலி, டீ, மேரி பிஸ்கட், ஒரு மணி நேரம். இருபது இருபத்தஞ்சு பேர் வருவாங்க. பாதிப் பேர் ரிட்டயர் ஆனவங்க, மீதி என்னை மாதிரி ஓ.எம்.ஆர். பக்கம் கம்ப்யூட்டர் தட்டுறவங்க. நடத்துறவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து நோட்ஸ் எடுத்துட்டு வருவார், யாரையும் மட்டம் தட்டமாட்டார், நேரத்துக்கு முடிப்பார். நான் கீழே எழுதப் போறது அவரைப் பத்தி இல்லை, அவர் கையில கொடுக்கப்பட்ட பாடத்தையும் நாங்க எல்லாரும் சேர்ந்து படிச்ச விதத்தையும் பத்தி.

2023 கடைசியில எட்டு வாரப் பாடம் ஒன்று ஓடியது. விசுவாசியும் வேலையிடமும் என்பது பொருள். ஆங்கிலத்திலிருந்து தமிழ்ப்படுத்தின ஒர்க்புக், ஆளுக்கொன்று. பக்கத்துக்குப் பக்கம் கோடிட்ட இடம். "நாம் மேலதிகாரிக்கு ______ கீழ்ப்படிய வேண்டும்" மாதிரி. விடை பக்கத்திலேயே அச்சடிச்ச வசனத்துல இருக்கும். நாற்பது வருஷ சர்வீஸ் முடிச்ச ஆளும், பத்துப் பேருக்கு வேலை கொடுக்கிற ஆளும் பென்சிலை வச்சுக்கிட்டு "பயத்தோடு" என்று நிரப்பிட்டு இருந்தோம்.

ஐந்தாவது வாரம். பின்வரிசையில உட்கார்ந்திருந்த ஒரு தம்பி, இருபத்தெட்டு இருபத்தொன்பது வயசு இருக்கும், கையைத் தூக்கினார். வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல எச்.ஆர். கூப்பிட்டிருக்காங்க. நீங்களே ராஜினாமா பண்ணிட்டதா மெயில் போடுங்க, ரெண்டு மாச சம்பளம் தர்றோம், இல்லைன்னா பெர்ஃபார்மன்ஸ் சரியில்லைன்னு நாங்களே அனுப்பிடுவோம், ரிலீவிங் லெட்டர்ல அது வரும். திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம். வீட்ல மனைவிக்கு ஆறாவது மாசம். "சார், நான் போடணுமா, போடக் கூடாதா?"

எட்டு வாரத்துல அந்த வகுப்புல கேட்கப்பட்ட ஒரே நிஜக் கேள்வி அதுதான். மற்றதெல்லாம் கோடிட்ட இடம்.

சார் அன்றைய பாடத்துல இருந்த 1 பேதுரு 2:18ஐயே எடுத்தார். எஜமான் நல்லவரா இருந்தா மட்டும் இல்லை தம்பி, முரடரா இருந்தாலும் வேலைக்காரர் அடங்கியிருக்கணும்னுதான் வசனம் சொல்லுது, நீங்க எதிர்த்து நிக்க வேண்டாம், கர்த்தர் வேற கதவைத் திறப்பார் என்றார். எல்லாரும் ஆமென் சொன்னோம். அவருக்காக ஜெபம் பண்ணினோம். அவர் திங்கட்கிழமை மத்தியானமே மெயில் போட்டுட்டார்னு பிறகு கேள்விப்பட்டேன்.

நானும் ஆமென் சொன்னேன். அதை மறைக்காம எழுதிடணும். அந்த மாசம்தான் என் டீம்ல யாருக்குக் கடைசி ரேட்டிங் கொடுக்கிறதுன்னு நான் ஒரு எக்செல் ஷீட்டோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன். மேலதிகாரிக்கு எதிர்த்துப் பேசக்கூடாதுங்கற பாடம் எனக்கு உறுத்தவே இல்லை, ஏன்னா அந்தப் பாடத்துல நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கேன்னு எனக்குத் தெரியும்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. பழைய ஏற்பாட்டையும் புதிய ஏற்பாட்டையும் வசன வாரியா ஒரு ஃபைல்ல வச்சிருக்கேன், கிரேக்கச் சொற்களுக்கு ஸ்ட்ராங் எண்களோட. வழக்கமா ஓய்வு நேரத்துல இதைத்தான் நோண்டிட்டு இருப்பேன். ஸ்ட்ராங் 1401, டூலோஸ். புதிய ஏற்பாட்டுல நூற்றிருபது தடவைக்கு மேல வர்ற சொல். அர்த்தம் அடிமை. விலைக்கு வாங்கப்பட்ட, விற்கப்படக்கூடிய மனுஷன். இந்தச் சொல்லை நம்ம சபைகள்ல வாசிக்கிற தமிழ் வேதாகமம் எங்கெங்கே எப்படிப் போட்டிருக்குன்னு வரிசையா பார்த்துட்டு வந்தேன்.

ரோமர் 1:1ல பவுல் தன்னைச் சொல்லிக்கும்போது அது ஊழியக்காரன். மத்தேயு 25ல தாலந்து வாங்கினவங்களும் ஊழியக்காரர். மத்தேயு 8:9ல நூற்றுக்கதிபதி ஏவுகிற ஆள் வேலைக்காரன். கலாத்தியர் 3:28ல, கிறிஸ்துவுக்குள்ள பேதம் இல்லைன்னு பேசும்போது, அடிமை. பிலேமோன் 16லயும் 1 கொரிந்தியர் 7:21லயும் அடிமை. எபேசியர் 6:5, கொலோசெயர் 3:22, தீத்து 2:9, அதாவது கீழ்ப்படியச் சொல்ற இடங்கள்ல, வேலைக்காரர். 1 தீமோத்தேயு 6:1ல மட்டும் பக்கத்துலயே அடிமைத்தன நுகம் வந்துடறதால விஷயம் வெளிய தெரிஞ்சுடுது.

ஒரே சொல், மூணு தமிழ். ஆண்டவரோட உறவைச் சொன்னா ஊழியக்காரன், சமத்துவத்தைச் சொன்னா அடிமை, அடங்கிப் போகச் சொன்னா வேலைக்காரன். யாரோ திட்டம் போட்டு இப்படிச் செஞ்சதா நான் சொல்லவில்லை. நாம் வாசிக்கிற பதிப்பு ஹென்றி பவர் தலைமையில வேலை செஞ்ச குழுவோட மொழிபெயர்ப்பு, 1871ல வந்தது. அந்தக் காலத்து மிஷனரிகளோட காதுல 1611 ஆங்கில வேதாகமம் ஒலிச்சுட்டே இருக்கும். அதுலயும் எபேசியர் 6:5ல 'செர்வன்ட்ஸ்'தான். ஒரு மொழியில மங்கின சொல் அடுத்த மொழிக்கும் மங்கியே வந்திருக்கு.

ஆனா 1871ல ஒரு தமிழனுக்கு அடிமைன்னா என்னன்னு அகராதி பார்க்க வேண்டியதில்லை. கம்பெனி ஆட்சிப் பகுதியில அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரத்தை எடுத்த சட்டம் 1843ல்தான் வந்தது. திருவிதாங்கூர்ல பிரகடனம் 1855. அன்னிக்கு சபையில உட்கார்ந்து கேட்டவங்கள்ல, விற்கப்பட்டவங்களும் விற்கப்பட்டவங்களோட பிள்ளைகளும் இருந்திருப்பாங்க. "வேலைக்காரரே"ன்னு வாசிக்கும்போது அவங்க யாரை நினைச்சுக்கிட்டாங்களோ, நூத்தம்பது வருஷம் கழிச்சு பாரிஷ் ஹால்ல உட்கார்ந்திருக்கிற நாங்க நினைச்சது மாச சம்பளம் வாங்கற எங்களைத்தான். 1995ல வந்த திருவிவிலியத்துல இந்த இடத்துல நேரடியா அடிமைகள்னே இருக்கு. அது கத்தோலிக்கர் புத்தகம்னு சொல்லி நம்ம ஆட்கள் தொடுறதில்லை. பக்கத்துல வச்சு ஒரு தடவை பார்த்திருந்தாலே வகுப்பு வேற மாதிரி போயிருக்கும்.

இங்க ஒரு ஆட்சேபம் வரும், வந்தது. ரெண்டு வாரம் கழிச்சு நான் இதை சார்கிட்ட தனியா சொன்னப்போ அவர் கேட்டார்: "அப்போ கிரேக்கம் தெரியாதவனுக்கு வேதம் விளங்காதா தம்பி?" நியாயமான கேள்வி. மேடையில நின்னு "மூலபாஷையில இதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா"ன்னு ஆரம்பிக்கிற பிரசங்கிகளைக் கண்டா எனக்கும் ஆகாது. முக்கால்வாசி நேரம் அது ஜனங்களை வாயடைக்க வைக்கிற வித்தை. ஆப்ல இருக்கிற எண்ணைத் தட்டினா யாருக்கும் வர்ற விஷயத்தை ஏதோ பரலோக ரகசியம் மாதிரி சொல்றது.

அதனால கிரேக்கத்தை ஓரமா வைப்போம். 1 பேதுரு 2:18ஐ எடுத்த பாடம், 19ஓட நின்னுடுச்சு. இன்னும் ஒரே ஒரு வசனம், 20ஐ வாசிச்சிருந்தா போதும். அங்கே அடி வாங்கறதைப் பத்திப் பேச்சு வருது. தப்பு செஞ்சு அடிவாங்கினா அதுல என்ன பெருமைன்னு கேட்குது. எந்த ஆபீஸ்ல அடிக்கிறாங்க? எந்த மேனேஜர் சாட்டை வச்சிருக்கார்? அந்த வசனத்தைச் சத்தமா வாசிச்ச நிமிஷமே, "இது நம்மகிட்ட பேசற பேச்சு இல்லையே, இவங்க வேற யாரோ"ன்னு எட்டாங்கிளாஸ் படிச்ச அம்மாவுக்கும் தோணியிருக்கும். வேறு யாருன்னு கேட்டா அடுத்த கேள்வி வரும்: ஓடிப் போக வழியில்லாத, எந்தக் கோர்ட்டுக்கும் போய் நிற்க முடியாத ஒருத்தனுக்கு எழுதினதை, போக வழி இருக்கிற ஒருத்தனுக்கு எடுத்துச் சொல்லலாமா? பாடத்தை 19ல வெட்டினவருக்கு இந்தக் கேள்வி வர வேண்டாம்னு இருந்திருக்கு. இல்லைன்னா அவரும் யோசிக்காம வெட்டியிருக்கார். ரெண்டுல எது மோசம்னு எனக்குச் சொல்லத் தெரியலை.

அந்தக் கடிதங்களுக்கும் நியாயம் செய்யணும். கணவன்-மனைவி, தகப்பன்-பிள்ளை, எஜமான்-அடிமை என்கிற மூணு ஜோடி அரிஸ்டாட்டிலோட அரசியல் நூலிலேயே இருக்கு. அங்கே பேச்சு முழுக்க வீட்டை ஆளுகிறவனைப் பத்தி. எபேசியரும் கொலோசெயரும் மனைவி, பிள்ளை, அடிமை இவங்களைத்தான் முதல்ல கூப்பிடுது, நேருக்கு நேர். அடிமைக்கும் ஒரு மனசாட்சி இருக்கு, அவன்கிட்ட தனியா பேசலாம்ங்கறது அந்த உலகத்துல சின்ன விஷயம் இல்லை. எஜமானும் அதே வீட்டுக் கூட்டத்துல உட்கார்ந்து அதைக் கேட்டிருப்பான். பிறகு அவனையும் கூப்பிட்டு, மிரட்டாதே, உனக்கு மேலயும் ஒருத்தர் இருக்கார்னு சொல்லுது. எங்க ஒர்க்புக்ல எபேசியர் 6:5 முதல் 8 வரை இருந்தது. 9 இல்லை. எஜமான்கிட்ட பேசற வசனம் 9.

வேலையைப் பத்தி வேதாகமத்துல வேற என்னென்ன இருக்குன்னு ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். யாத்திராகமம் 5. வைக்கோல் தரமாட்டாங்களாம், செங்கல் கணக்கு மட்டும் குறையக் கூடாதாம். டார்கெட் நெருக்கடியை இதைவிடத் துல்லியமா எந்த ஐ.டி. ஊழியனும் எழுதினதில்லை. அங்கே இஸ்ரவேலரின் மேற்பார்வைக்காரர்கள் நேரா பார்வோன்கிட்டயே போய் முறையிடறாங்க. முறையிட்டது பாவம்னு எங்கேயும் எழுதியில்லை. உபாகமம் 24:14, 15. அன்றன்றைய கூலியைப் பொழுது சாயறதுக்குள்ள கொடுத்துடணும்ங்கற சட்டம். யாக்கோபு 5:4. அறுவடை செஞ்சவங்களோட கூலியைப் பிடிச்சு வச்சா அந்தக் கூலியே கூச்சல் போடும்ங்கறது.

இந்த யாக்கோபுவில ஒரு வேடிக்கை இருக்கு. அங்கே கிரேக்கச் சொல் எர்காட்டேஸ், ஸ்ட்ராங் 2040. கூலிக்கு உழைக்கிறவன். நிஜமாவே வேலைக்காரன். நம்ம பதிப்பும் அங்கே வேலைக்காரர்னே சரியா போட்டிருக்கு. ஆக, எட்டு வாரம் "வேலைக்காரர்"னு தலைப்புக் கட்டிப் படிச்சதெல்லாம் அடிமைகளுக்கு எழுதின வசனம். உண்மையிலேயே வேலைக்காரரைப் பத்தின வசனம் பாடத்துல ஒரு இடத்துலயும் இல்லை.

இப்படிப் பொறுக்கி எடுத்துப் படிக்கிறது புதுசும் இல்லை. 1807ல லண்டன்ல மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்குன்னே ஒரு வேதாகமம் அச்சடிச்சாங்க. எகிப்திலிருந்து விடுதலை ஆகிற பகுதி அதுல இல்லை. கலாத்தியர் 3:28 இல்லை. எபேசியர் 6:5 இருந்தது. எங்க ஒர்க்புக்கைப் போட்டவங்க அதைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டாங்க. ஆனா ரெண்டு பேரோட கத்தரிக்கோலும் ஒரே இடத்துல போயிருக்கு.

அமெரிக்கக் கறுப்பின இறையியலாளர் ஹாவர்ட் தர்மன் 1949ல வெளியிட்ட புத்தகத்துல தன் பாட்டியைப் பத்திச் சொல்றார். பாட்டி அடிமையா இருந்து விடுதலை ஆனவங்க, எழுதப் படிக்கத் தெரியாது. பேரன்தான் வேதம் வாசிச்சுக் காட்டணும். ஆனா பவுலோட நிருபங்களை வாசிக்க விடமாட்டாங்க, எப்பவாவது 1 கொரிந்தியர் 13ஐ மட்டும் விடுவாங்க. பெரியவனானதும் ஏன்னு கேட்டிருக்கார். அடிமையா இருந்த நாள்ல எஜமானோட வெள்ளைக்காரப் போதகர் வந்து, அடிமைகள் கீழ்ப்படியணும்ங்கற அந்த ஒரே பகுதியைத்தான் திரும்பத் திரும்பப் பிரசங்கம் பண்ணுவாராம். எனக்கு வாசிக்கத் தெரிஞ்சா, விடுதலையும் கிடைச்சா, அந்தப் பகுதியை வாசிக்கவே மாட்டேன்னு அந்தம்மா முடிவு பண்ணியிருக்காங்க. கிரேக்கம் தெரியாத, எழுத்தே தெரியாத ஒரு பாட்டி பண்ணின வேத விமர்சனம் அது. அந்தம்மாவுக்கு அந்த வசனத்தோட நேரடி அர்த்தம் ஸ்ட்ராங் எண் இல்லாமலே தெரியும், ஏன்னா அது அவங்களையே கூப்பிட்ட வசனம்.

எங்க பாட்டி ஊர் நெய்யூர் பக்கம். தென்திருவிதாங்கூர்ல லண்டன் மிஷன் சபைப் பெண்கள் மேலாடை போடறதுக்காக எத்தனை வருஷம் அடியும் உதையும் வாங்கினாங்கங்கறது எங்க வீட்ல கதையா ஓடும். 1859ல அரசாங்கம் இறங்கி வர்ற வரைக்கும் அவங்க விடலை. அடங்கச் சொல்ற வசனங்கள் அன்னிக்கும் அதே வேதாகமத்துலதான் இருந்தது. அதை வச்சு அவங்க ரவிக்கையைக் கழட்டிடலை. அந்தச் சபைகள்ல இருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் எங்க வகுப்புல குறைஞ்சது ஆறு. நாங்கதான் அந்தத் தம்பிக்கு ஆமென் சொன்னோம்.

பெரியவங்களுக்கான இந்த ஞாயிறு வகுப்புங்கற வழக்கமே எங்கிருந்து வந்ததுன்னு தேடினா இன்னும் சங்கடம். 1798ல இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ல, லேஸ் பின்னுகிற தொழிற்சாலைப் பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்க ஒரு பள்ளி தொடங்கினாங்க. வில்லியம் சிங்கிள்டன் என்கிற மெதடிஸ்டும் சாமுவேல் ஃபாக்ஸ் என்கிற குவேக்கர் மளிகைக்கடைக்காரரும். பாடப்புத்தகம் வேதாகமம். முதியோர் கல்வியோட வரலாற்றை எழுதறவங்க அங்கேயிருந்துதான் ஆரம்பிப்பாங்க. வேலை பார்க்கிற ஆள் தானே வாசிச்சுக்கணும்னு ஆரம்பிச்ச ஏற்பாடு அது. வாசிக்கத் தெரிஞ்ச எங்களுக்குக் கோடிட்ட இடம் கொடுக்கிற இடத்துல வந்து நிக்குது. குழந்தைங்களுக்கு ஓய்வுநாள் பள்ளியில கோடிட்ட இடம் சரி. நாற்பது வயசுக்காரன்கிட்ட விடை இருக்கிற கேள்வியை மட்டும் கேட்டுட்டே இருந்தா, விடை இல்லாத கேள்வி வர்ற அன்னிக்கு அவன் கையில என்ன இருக்கும்? அன்னிக்கு எங்க கையில ஒர்க்புக் இருந்தது.

சரி, அந்தத் தம்பிக்கு என்ன சொல்லியிருக்கணும்? போடாதேன்னு சொல்லியிருக்கணும்னு நான் சொல்லலை. ரெண்டு மாச சம்பளம், கர்ப்பிணி மனைவி, அவர் கணக்கு அவருக்குத்தான் தெரியும். ஒருவேளை யோசிச்சுப் பார்த்து அவரும் அதே மெயிலைத்தான் போட்டிருப்பார். ஆனா அந்த அறையில ஒரு ரிட்டயர்டு பேங்க் யூனியன் செயலாளர் இருந்தார். ஒரு வக்கீல் அக்கா இருந்தாங்க. ஐ.டி. கம்பெனிகளுக்கும் தொழில் தகராறு சட்டம் பொருந்தும், ஊழியர்கள் சங்கம் வைக்கலாம்னு 2016லயே தமிழக அரசு தெளிவுபடுத்தினது எனக்கே தெரியும். மிரட்டி வாங்கற ராஜினாமாவைப் பத்தி லேபர் ஆபீசர்கிட்ட போய்க் கேட்கலாம்னு சொல்ல அஞ்சு நிமிஷம் போதும். யாரும் வாயைத் திறக்கலை. வேதபாட வகுப்புல இதெல்லாம் பேசற பேச்சா என்கிற எண்ணம். வசனம் வாசிச்சாச்சு, கேள்வி முடிஞ்சது. அவர் கேட்டது ஒரு முடிவெடுக்கிற கேள்வி. நாங்க அவருக்குப் பதிலா முடிவெடுத்து, அதுக்குக் கர்த்தர் பேரைப் போட்டு அனுப்பி வச்சோம்.

டிசம்பர்ல அவரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். வேற வேலை கிடைக்கலை அப்போ. இந்த டூலோஸ் கதையெல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டார். "அண்ணே, இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே"ன்னார். அவ்வளவுதான். பெண் குழந்தை பிறந்தது, ஞானஸ்நானம் வேற சபையில.

சார்கிட்ட பேசினேன்னு சொன்னேன் இல்லையா. அவர் என்னைவிடப் பெரிய மனசுக்காரர். 20ஆம் வசனத்தை என் எதிர்லயே எடுத்து ரெண்டு தடவை வாசிச்சார். கொஞ்ச நேரம் பேசலை. "நாற்பது வருஷமா இதை வாசிக்கிறேன், அடிங்கறது கண்ணுல பட்டதே இல்லை"ன்னார். அடுத்த வாரம் வகுப்புலயும் அதைச் சொன்னார். ரெண்டு பேருக்குப் பிடிக்கலை, வேதத்துல குற்றம் கண்டுபிடிக்கிற புத்தின்னு என்னைப் பார்த்துப் பொதுவா சொன்னாங்க. இருக்கட்டும்.

அடுத்த பாடம் நெகேமியா. தலைமைத்துவம் பத்தினதாம், அதே வரிசையில இன்னொரு ஒர்க்புக். வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். அலங்கம் கட்டறது, எதிரிகளைச் சமாளிக்கிறது, டீமை ஊக்குவிக்கிறது எல்லாம் இருக்கு. நாலாம் அதிகாரத்துக்கு அப்புறம் ஆறாம் அதிகாரம் வருது. அஞ்சாம் அதிகாரத்துல ஜனங்க கடனுக்கும் வட்டிக்கும் நிலத்தை அடமானம் வச்சு, பிள்ளைகளை அடிமையாக் கொடுக்க வேண்டி வந்துடுச்சுன்னு சொந்த ஜாதிப் பணக்காரங்களுக்கு எதிரா கூச்சல் போடறாங்க. நெகேமியா கோபப்பட்டு, வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்றார்.

அந்த அதிகாரத்தை ஒரு வாரம் நடுவுல சேர்த்துக்கலாமான்னு சார்கிட்ட கேட்டேன். "நீயே எடு"ன்னுட்டார். பிப்ரவரி மூணாவது ஞாயிறு. ஒர்க்புக் கிடையாது, எல்லாரும் வேதாகமத்தை மட்டும் கொண்டு வரணும்னு அறிவிப்புப் பலகையில எழுதிப் போட்டிருக்கேன். அந்தத் தம்பிக்கும் மெசேஜ் அனுப்பியிருக்கேன். ரெண்டு நீல டிக் விழுந்திருக்கு, பதில் வரலை.